கிழங்கை எப்போது தோண்டுவது? இலையும் மண்ணும் காட்டும் அடையாளங்கள்

முதல்முதலாகச் சர்க்கரைவள்ளி போட்ட வருடம், தொண்ணூறு நாள் முடிந்த அன்று காலையிலேயே களைக்கொத்தை எடுத்துக்கொண்டு பாத்தியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வீட்டு ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதல் கிழங்கு வெளியே வந்ததும், "அதை இங்கே கொடு தம்பி" என்று வாங்கி நடுவில் ஒடித்தார். ஒடித்த இடத்தில் தோலுக்குச் சற்று உள்ளே, வட்டமாகப் பால் துளிர்த்தது. "காயட்டும், தொடாதே" என்றார். சிறிது நேரத்தில் அந்தப் பால் காய்ந்து கரும்பச்சையாக மாறியது. "இன்னும் பதினைந்து நாள் போகட்டும். இப்போது எடுத்தால் அவித்தாலும் சப்பென்றுதான் இருக்கும்."

பதினைந்து நாள் கழித்து அதே பாத்தியில் இன்னொன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தோம். பால் வெள்ளையாகவே காய்ந்தது. அன்று மாலை அவித்த கிழங்கின் இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

கத்தரியும் வெண்டையும் கண்ணெதிரே காய்க்கின்றன. பறிக்கும் பக்குவம் பார்த்தாலே தெரியும். கிழங்கு அப்படியல்ல. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததால் புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் ஒன்று அவசரப்பட்டுப் பிடுங்குகிறார்கள், அல்லது "இன்னும் பெருக்கட்டும்" என்று விட்டுவிட்டுச் சக்கையைச் சமைக்கிறார்கள். விதைப் பொட்டலத்தில் அச்சிட்ட நாள் கணக்கு, எப்போது கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பதைச் சொல்லும். எப்போது தோண்ட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியவை இலையும் மண்ணும்தான். மாடித்தோட்டத்துப் பையானாலும் கொல்லைப்புறத்துப் பாத்தியானாலும் வழி ஒன்றே.

முதலில் நாளைக் குறித்து வையுங்கள்

விதைத்த அன்றே ஒரு மரக்குச்சியிலோ பழைய பிளாஸ்டிக் துண்டிலோ பயிரின் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதி மண்ணில் செருகிவிடுங்கள். பேனா மை வெயிலிலும் மழையிலும் ஒரு மாதத்தில் வெளிறிவிடும், பென்சில் எழுத்து நிற்கும். நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். சேனை நட்டு எட்டு மாதம் கழித்து, அது சித்திரையில் நட்டதா வைகாசியில் நட்டதா என்று யாருக்கும் நினைவிருப்பதில்லை.

உங்கள் பயிர் எந்த வகை என்று பாருங்கள்

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கிழங்கு என்பது செடி தனக்காகச் சேர்த்து வைக்கும் உணவு. முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவை பூத்து விதை விடுவதற்காக வேரில் உணவைச் சேர்க்கின்றன. பூக்கத் தொடங்கினால் சேர்த்ததையெல்லாம் திரும்ப மேலே இழுத்துக்கொள்ளும். அதனால் இவற்றை இலை பச்சையாக, செழிப்பாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

சேனை, சேம்பு, சிறுகிழங்கு, மஞ்சள் ஆகியவற்றின் கதை நேர் எதிர். இலையில் தயாராகும் உணவு கடைசி நாள் வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. இலை மஞ்சளாகிக் காய்ந்து, தண்டு சாய்ந்த பிறகுதான் கிழங்கு முழுமையடைகிறது. பச்சை இலையோடு இவற்றைத் தோண்டினால், வந்து சேர வேண்டிய எடையை நாமே தடுத்துவிடுகிறோம்.

சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் நடுவில் நிற்பவை. கொடியோ செடியோ முழுதாகக் காய்வதில்லை, ஆனால் அடி இலைகள் பழுக்கும், மண் வெடிக்கும். இவற்றில் இலையோடு மண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பச்சை இலையோடு எடுப்பவை

முள்ளங்கியில் ஏமாறுகிறவர்கள் அதிகம், ஏனென்றால் அது காத்திருப்பதே இல்லை. நீள வெள்ளை முள்ளங்கி 40 முதல் 50 நாட்களில் தயார். சிறிய சிவப்பு உருண்டை வகை 25 முதல் 30 நாட்களிலேயே வந்துவிடும். கிழங்கின் தோள், அதாவது இலைக்காம்புக்குக் கீழே உள்ள மேல்பகுதி, மண்ணுக்கு மேலே எழும்பி நிற்கும். அந்தத் தோளைச் சுற்றி இருக்கும் மண்ணை விரலால் விலக்கிப் பருமனைப் பாருங்கள். நீள வகையில் இரண்டு விரல் சேர்த்த அகலம் வந்துவிட்டால் போதும், எடுக்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை. பருத்ததை முதலில் எடுத்தால் பக்கத்தில் இருப்பதற்கு இடம் கிடைத்து அதுவும் பருக்கும்.

நாள் கடந்தால் வெளியே அழகாகவே இருக்கும், அறுத்தால் நடுவில் பஞ்சடைத்து, கத்தி போகும்போதே ஓசை வேறாகக் கேட்கும். வெயில் ஏறினால் காரமும் ஏறும். நடுவிலிருந்து பூந்தண்டு எழுந்துவிட்ட செடியில் கிழங்கை மறந்துவிடுங்கள். அதைப் பூக்க விட்டால் பச்சைக் காய்கள் வரும், அவற்றை இளசாகப் பறித்துப் பொரியல் செய்யலாம். இலையையும் தூக்கி எறியாதீர்கள். பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு வைத்தால் கிழங்கைவிட இலைக்கே வீட்டில் போட்டி வரும்.

பீட்ரூட்டுக்கு 60 முதல் 75 நாட்கள். இதுவும் தோளை வெளியே காட்டும். குறுக்களவு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர், அதாவது கைக்குள் அடங்கும் உருண்டையாக இருக்கும்போது எடுப்பது நல்லது. பெரிதாக விட்டால் நார் ஏறும், அறுத்தால் உள்ளே வெளிறிய வளையங்கள் தெரியும். அந்த வளையங்கள் கடும் வெயிலாலும் வரும் என்பதால், சமவெளியில் இதைப் புரட்டாசி முதல் கார்த்திகை வரை விதைப்பதே எனக்குச் சரியாக வந்திருக்கிறது. எடுத்த பிறகு இலையைக் கிழங்கோடு ஒட்ட நறுக்கக் கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் காம்பை விட்டு வையுங்கள், அடியில் இருக்கும் வால் வேரையும் வெட்ட வேண்டாம். இல்லாவிட்டால் வேகும்போது சிவப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும்.

"இலை தழைத்துக் கிடக்கிறது, கிழங்கே இல்லை" என்பது பீட்ரூட்டில் அடிக்கடி கேட்கும் குறை. பீட்ரூட் விதை என்று நாம் ஊன்றுவது பல விதைகள் சேர்ந்த ஒரு முடிச்சு. ஒரு முடிச்சிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் முளைக்கும். ஒன்றை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடாவிட்டால் எதுவுமே பருக்காது. தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிக் கொட்டினாலும் இதே நிலைதான். இப்படிப்பட்ட செடியை எத்தனை நாள் வைத்துப் பார்த்தாலும் பயனில்லை. கீரையாக எடுத்துக்கொண்டு அடுத்த விதைப்புக்குப் பாத்தியைத் தயார் செய்யுங்கள்.

கேரட் பொறுமை கேட்கும் பயிர். 80 முதல் 100 நாட்கள், நீலகிரி போன்ற குளிர்ந்த இடங்களில் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். என் முதல் கேரட்டை எழுபதாம் நாள் பிடுங்கினேன். பென்சில் பருமனில், வெளிறிய மஞ்சளாக வந்தது. கேரட்டில் நிறமும் இனிப்பும் வளர வளரத்தான் ஏறுகின்றன. காம்பு கிளம்பும் இடத்தில் விரலை மண்ணுக்குள் நுழைத்துத் தடவிப் பாருங்கள். தோள் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் அகலம் வந்திருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக் கடித்துப் பாருங்கள். நாக்கு சொன்ன பிறகு மற்றதைத் தொடுங்கள். தடவிப் பார்த்த இடத்தை மண்ணால் மூடிவிட மறக்க வேண்டாம். வெளிச்சம் பட்ட தோள் பச்சையாகிக் கசக்கும்.

இந்த மூன்றையும் எடுப்பதற்கு முந்தின நாள் மாலை தண்ணீர் விடுங்கள். ஈரம் இறங்கிய மண்ணில் காம்பின் அடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் முழுதாக வந்துவிடும். காய்ந்த செம்மண்ணில் இலையைப் பிடித்து இழுத்தால் இலை மட்டும்தான் கையில் வரும். எடுத்தவுடனே இலையை நீக்கிவிடுங்கள். இலை இருக்கும் வரை கிழங்கிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மாலைக்குள் கிழங்கு துவண்டுவிடும்.

மண் வெடிப்பதைப் படியுங்கள்: சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும்

சர்க்கரைவள்ளிக்கு 100 முதல் 120 நாட்கள். அடி இலைகள் மஞ்சளாகும். கொடி கிளம்பும் இடத்தைச் சுற்றி மண்ணில் விரிசல் விடும். கிழங்கு உள்ளே பருத்து மண்ணைத் தள்ளுவதற்கான அடையாளம் அது. விரிசல் கண்டதும் அங்கே மண்ணை விலக்கி, கைக்குக் கிடைத்த ஒரு கிழங்கை மட்டும் எடுத்து ஒடியுங்கள். பால் வெள்ளையாகக் காய்ந்தால் பருவம் வந்துவிட்டது, பச்சையாகவோ கறுப்பாகவோ மாறினால் இன்னும் காத்திருக்க வேண்டும். இவ்வளவு எளிய சோதனை வேறெந்தக் கிழங்குக்கும் இல்லை.

ஆனால் விரிசலை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கூன்வண்டு அந்த வழியாகத்தான் இறங்கிக் கிழங்கில் முட்டையிடுகிறது. புழு சிறிது துளைத்தாலும் கிழங்கு முழுதும் கசந்துவிடும், அதை மாட்டுக்குக்கூடப் போடக் கூடாது. காத்திருக்கும் நாட்களில் விரிசலை மண் அணைத்து மூடி வையுங்கள். பால் வெள்ளையாகக் காய்ந்த பிறகு ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள்.

தோண்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். கொடியை முதலில் அறுத்து ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கொத்தத் தொடங்கி உள்ளே வாருங்கள். இதன் தோல் மெல்லியது. கொத்துப்பட்ட கிழங்கைத் தனியே வைத்து அன்றே சமைத்துவிடுங்கள். மற்றதைக் கழுவாமல், மண்ணை மட்டும் உதிர்த்து, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் ஐந்தாறு நாள் பரப்பி வையுங்கள். சிறு கீறல்கள் ஆறித் தோல் இறுகும். மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறும். தோண்டிய அன்று அவித்ததையும் ஒரு வாரம் கழித்து அவித்ததையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

மரவள்ளி எட்டு முதல் பத்து மாதப் பயிர். குறுகிய கால ரகங்கள் ஆறேழு மாதத்தில் வந்துவிடும். இங்கும் அடி இலைகள் பழுத்து உதிரும், தூரைச் சுற்றி மண் வெடிக்கும். வீட்டுத் தோட்டத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது: செடியைப் பிடுங்காமலே ஒரு பக்கம் மண்ணைத் தோண்டி ஒரு கிழங்கை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிடலாம். மற்றவை வளர்ந்துகொண்டிருக்கும். வெட்டிய துண்டை அவித்துப் பாருங்கள். மாவாக மலர்ந்தால் பதம். நீர்த்து, கண்ணாடிபோல் இருந்தால் இன்னும் ஒரு மாதம் போகட்டும். பன்னிரண்டு மாதத்தைத் தாண்டினால் நடுநரம்பு தடித்து நாராகிவிடும்.

மரவள்ளியை என்று சமைக்கப் போகிறீர்களோ அன்று தோண்டுங்கள். மண்ணை விட்டு வந்த இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடத் தொடங்கும். மிஞ்சியதை ஈர மணலில் புதைத்து வைத்தால் சில நாள் தாங்கும். இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மரவள்ளியில் சயனைடு நஞ்சாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது, தண்ணீர் இல்லாமல் வாடிய செடியில் அது கூடும். பச்சையாகத் தின்னவே கூடாது. தடித்த உள்தோலையும் சேர்த்து உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். நாக்கில் கசப்புத் தட்டினால் அந்தக் கிழங்கே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

இலை காய்ந்த பிறகு எடுப்பவை

சேனைக்கு எட்டு முதல் ஒன்பது மாதம் ஆகும். சில மாவட்டங்களில் இதையே கருணைக்கிழங்கு என்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நட்டால் மார்கழி, தையில் குடைபோல் விரிந்திருந்த இலை மஞ்சளாகி, புள்ளி போட்ட அந்தத் தடித்த தண்டு ஒரு நாள் அப்படியே சாய்ந்து கிடக்கும். புதியவர்கள் செடி செத்துவிட்டது என்று பயந்து தண்ணீரைக் கூட்டுவார்கள். அது பெரும் தவறு. அந்த நேரத்தில் ஈரம் நின்றால் கிழங்கு அழுகும். தண்டு சாய்ந்ததும் தண்ணீரை முழுதாக நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோண்டுங்கள். தண்டு இருந்த இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகக் கடப்பாரையை இறக்கி, அடியிலிருந்து நெம்பித் தூக்க வேண்டும். மேலிருந்து கொத்தினால் கிழங்கின் நெற்றியில் வெட்டு விழும். வெட்டு விழுந்த சேனை நாள்பட நிற்காது.

தோண்டியவுடன் சமைத்தால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். சேனையில் ஊசிபோன்ற நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதே காரணம். சில வாரம் உலர்ந்த இடத்தில் வைத்த பிறகு அறுத்து, புளித்தண்ணீரில் வேகவைத்தால் அரிப்பு அடங்கும். அறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

சேப்பங்கிழங்குக்கு ஐந்து முதல் ஆறு மாதம். இதே வழிதான்: இலை சிறுத்து, பழுத்து, சாய்ந்த பிறகு எடுக்க வேண்டும். தாய்க்கிழங்கைச் சுற்றிச் சேய்க்கிழங்குகள் ஒட்டியிருக்கும். சமையலுக்குச் சேயே சுவை.

திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வீடுகளில் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் இல்லை. ஆடி, ஆவணியில் கொடித் துண்டுகளை நட்டால் பகல் சுருங்கச் சுருங்கத்தான் கிழங்கு திரளும். ஐப்பசியில் ஆவலோடு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்து "ஒன்றுமே வைக்கவில்லையே" என்று மனம் நொந்துபோகாதீர்கள். மார்கழியில் இலை பழுத்துக் கொடி வாடும்போது எடுங்கள். தோண்டும்போது மண்ணிலிருந்தே அதன் மணம் எழும். சிறு சிறு கிழங்குகள் மண்ணில் சிதறிக் கிடக்கும் என்பதால் அள்ளிய மண்ணை இன்னொரு முறை விரலால் அளைந்து பாருங்கள். தோல் எடுக்கக் கத்தி வேண்டாம். ஈரச் சாக்கில் போட்டுக் கட்டித் தரையில் நன்றாகத் தேய்த்தால் பெரும்பாலும் உரிந்துவிடும்.

மஞ்சளை வைகாசி, ஆனியில் ஊன்றியிருந்தால், பொங்கல் பானையில் கட்டுவதற்குப் பச்சை இலையோடு இரண்டு தூரைப் பிடுங்கிக்கொள்ளலாம். அந்தக் கிழங்கு பூசிக் குளிக்கவும் பச்சையாக அரைக்கவும் நன்றாக இருக்கும். பொடிக்கு வேண்டுமென்றால் மாசி வரை, இலை முழுதும் காய்ந்து மடியும் வரை விட்டு வையுங்கள். இஞ்சியை ஆறாம் மாதத்திலிருந்தே ஓரத்தில் கிள்ளிக் கிள்ளி எடுத்துச் சட்னிக்கும் தேநீருக்கும் பயன்படுத்தலாம். சுக்காக்க வேண்டுமானால் எட்டு மாதம் முற்றவிட வேண்டும்.

உருளைக்கிழங்கு தமிழ்நாட்டில் பெரும்பாலும் மலைப்பகுதிகளில் விளைவது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். செடி காய்ந்து இரண்டு வாரம் கழித்து ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தோலைத் தேயுங்கள். தோல் உரிந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், உரியாவிட்டால் எடுக்கலாம். பச்சை நிறம் பாய்ந்த கிழங்கைச் சமைக்க வேண்டாம், அதில் நச்சுத்தன்மை உண்டு.

தோண்டும் நாளில்

மழை பெய்த மறுநாள் களிமண்ணில் இறங்காதீர்கள். கிழங்கைச் சுற்றிச் சேறு அப்பிக்கொள்ளும், மிதித்த மண் காய்ந்து கல்லாகும். ஒரு பிடி மண்ணை அள்ளி உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரல் பட்டால் உதிர வேண்டும். அதுவே பதம். காலை வெயில் ஏறுமுன் தொடங்குங்கள், எடுத்ததை உடனே நிழலுக்குக் கொண்டு போங்கள். மாடித்தோட்டத்துப் பையாக இருந்தால் கொத்தே வேண்டாம். தார்ப்பாயை விரித்து அதன்மேல் பையைக் கவிழ்த்துக் கையால் பிரித்தெடுங்கள், ஒரு கிழங்கும் காயம்படாது.

எடுத்ததில் நல்லதைக் கொஞ்சம் அடுத்த பட்டத்துக்கு ஒதுக்குங்கள். அன்றைய மகிழ்ச்சியில் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, ஆடியில் விதைக்கிழங்குக்கு அலைந்த வருடம் எனக்கு உண்டு. மஞ்சளிலும் சேம்பிலும் நோயில்லாத, தடித்த கிழங்குகளை நிழலில் உலர்ந்த மணலில் வையுங்கள். மரவள்ளியில் முற்றிய தண்டை நிழலில் நிமிர்த்திச் சாய்த்து வைத்து, நடும்போது முக்கால் சாண் துண்டாக நறுக்கிக்கொள்ளலாம். சர்க்கரைவள்ளிக்கு, அறுத்துப் போட்ட கொடியின் நுனித் துண்டுகளை அன்றே ஒரு மூலையில் நட்டு ஈரம் காத்து வையுங்கள். பச்சைக் கணுக்களில் நாலைந்து நாளில் வேர் இறங்கிவிடும்.